தரம் எட்டோடு நின்ற தாயும் பிள்ளையின் நிறைக் கோடும்

வட இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் வேலை செய்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் தரம் ஏழு, எட்டோடு படிப்பை விட்டவர்கள். தாயின் படிப்புக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இல்லை, காசுள்ள வீட்டில் படிப்பும் இருக்கும், சுகமும் இருக்கும் என்பதுதானா? தொடர்பு உண்டென்றால், முப்பது வயதைத் தாண்டிய அந்தத் தாய்க்கு இனி என்ன செய்யலாம்?"

தொடர்பு உண்டு. காசைக் கழித்துப் பார்த்த பிறகும் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அந்தப் பகுதி எதனால் வருகிறது என்று தெரிந்தால் மூன்றாவது கேள்விக்கும் வழி கிடைக்கும்.

முதலில் அளவு. 2021இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய கணக்கு ஒன்று வந்தது. பாடசாலைக்கே போகாத தாயோடு ஒப்பிட்டால், 12 ஆண்டு படித்த தாயின் பிள்ளை ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம் குறைவு. தாய் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 3 சதவீதம் குறைகிறது. தகப்பன் 12 ஆண்டு படித்திருந்தால் சுமார் 17 சதவீதம் குறைவு. தகப்பனின் எண்ணையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை மெலிந்தால் தாயை மட்டும் கூப்பிட்டு ஏசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தகப்பனின் படிப்பும் பிள்ளையின் உயிரைத் தொடுகிறது.

காசு பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. 1998இல் 22 நாடுகளின் தரவை எடுத்து இதே சந்தேகத்தைச் சோதித்தார்கள். வீட்டு வசதியையும் ஊரின் நிலையையும் கணக்கில் சேர்த்ததும், குழந்தை இறப்பிலும் உயரக் குறைவிலும் தாயின் படிப்புக்கு இருந்த பங்கு பெருமளவு சுருங்கியது. தடுப்பூசியில் மட்டும் ஏறக்குறைய பாதி நாடுகளில் அது நிலைத்து நின்றது. அதாவது கிணறு, கழிப்பறை, தெரு, வருமானம் எல்லாம் படிப்போடு கைகோத்து வருபவை. படிப்பு மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. காசுக்கும் படிப்புக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க நல்ல வழி ஒன்று உண்டு: அரசாங்கம் திடீரென்று எல்லோரையும் கூடுதலாகப் படிக்கவைத்த இடங்களைப் பார்ப்பது. தாய்வான் 1968இல் கட்டாயக் கல்வியை 6 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக்கி, 150க்கு மேற்பட்ட புதிய பாடசாலைகளைத் திறந்தது. அதனால் கூடப் படித்த பெண்களின் பிள்ளைகளில் நிறை குறைந்த பிறப்பும் குழந்தை இறப்பும் குறைந்தன. சிம்பாப்வேயில் 1980 சுதந்திரத்தின் பின் இடைநிலைப் பாடசாலைகளின் கதவு எல்லோருக்கும் திறந்தது. அந்த வாய்ப்புக் கிடைத்த பெண்களின் பிள்ளைகள், சில வயது மூத்ததால் வாய்ப்பைத் தவறவிட்ட பெண்களின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 21 சதவீதம் குறைவாக இறந்தார்கள். அந்தப் பெண்களின் குடும்பங்கள் ஒரே இரவில் பணக்காரக் குடும்பங்களாகவில்லை. மாறியது பாடசாலையில் இருந்த ஆண்டுகள்.

இலங்கையே இதற்கு உலகம் சுட்டிக்காட்டும் உதாரணம். 1945இல் இலவசக் கல்வி வந்தது, இலவச மருத்துவம் கூடவே வளர்ந்தது. வருமானம் குறைவாக இருந்த காலத்திலேயே குழந்தை இறப்பை இறக்கிய இடங்கள் என்று கேரளம், கொஸ்ற்றாரிக்காவோடு இலங்கையையும் 1986இல் ஜோன் கால்ட்வெல் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அந்தப் பெருமைக்குள் வன்னி எவ்வளவு அடங்கியிருந்தது என்பது வேறு விடயம். 2006–07இன் குடித்தொகை, சுகாதார ஆய்வில் வட மாகாணம் சேர்க்கப்படவே இல்லை. 25 மாவட்டங்களையும் எடுத்த ஆய்வு 2016இல்தான் வந்தது. அதில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுமார் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், சுமார் 15 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள். நம் நாட்டில் பிள்ளைகள் சாவது குறைந்துவிட்டது, ஆனால் மெலிவது குறையவில்லை. தாயின் படிப்பு இன்று வேலை செய்யும் இடம் பெரும்பாலும் அந்த மெலிவில்தான்.

சரி, எப்படி வேலை செய்கிறது? பாடசாலையில் சுகாதாரப் பாடம் படித்ததாலா? இல்லை. மொரோக்கோ பற்றி 1999இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துருவிப் பார்த்தது. பிள்ளையின் வளர்ச்சியோடு தொடர்புபட்டது தாயிடம் இருந்த சுகாதார அறிவு. அந்த அறிவைப் பாடசாலை நேரடியாக ஊட்டவில்லை. பாடசாலை தந்த எழுத்தையும் எண்ணையும் வைத்து, பின்னர் வானொலி, பத்திரிகை, சுற்றம் என்று வெளியிலிருந்து அவளே சேர்த்துக்கொண்ட அறிவு அது. தரம் எட்டோடு நின்ற தாய்க்கு இது நல்ல செய்தி. தவறிப்போன ஆண்டுகளை மீட்க முடியாது. அந்த ஆண்டுகள் கடைசியில் கொண்டுவந்து தரும் அறிவை, கையில் பிடித்துக் காட்டினால், இப்போதும் கொடுக்கலாம்.

அந்த அறிவு எங்கே உதவுகிறது, எங்கே பிழைக்கிறது என்று வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைக்கத் தெரியாத தாய் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். பைக்கற்றில் ஒரு லீற்றர் என்று எழுதியிருக்கும். வீட்டில் ஒரு லீற்றர் அளக்க எதுவும் இருக்காது. பிள்ளை குடிப்பது கொஞ்சம்தானே என்று கால் பைக்கற்றை ஒரு கிளாசில் கொட்டுவார்கள். கொட்டியது காலா, அரையா என்று யாருக்கும் தெரியாது. செறிவு கூடினால் உப்பு உடம்பில் ஏறி, தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, வயிற்றோட்டத்தையே கூட்டும். செறிவு குறைந்தால் இழந்த உப்புத் திரும்பக் கிடைக்காது. முழுப் பைக்கற்றையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். வெறும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக் கழுவி, இதற்கென்றே வீட்டில் வைத்திருந்தால் அளவுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. 500 மில்லிப் போத்தல்தான் இருக்கிறதென்றால் இரண்டு தடவை நிரப்பிச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் பிழை வரும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. சத்தி எடுத்தால் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்து, பிறகு தேக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளையும் விடக் கூடாது. சோடா, இனிப்புக் கூடிய பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர் ஆகியவை நிலைமையை மோசமாக்கும். சிங்க் (துத்தநாக) மாத்திரை தந்தால், வயிற்றோட்டம் மூன்றாம் நாள் நின்றாலும் சொன்ன 10 முதல் 14 நாளும் கொடுக்க வேண்டும். "நின்றபிறகு ஏன்?" என்று கேட்கத் தெரிந்த தாய்க்கு விடை கிடைக்கும்: குடலின் சுவர் ஆறுவதற்கும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வராமல் இருப்பதற்கும். காரணம் தெரிந்தவள் மாத்திரையைப் பாதியில் விடமாட்டாள். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, குடிக்கவே முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் இருக்கக் கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

காய்ச்சல் மருந்து இன்னொன்று. பரசிட்டமோல் பாணியின் அளவு வயதை வைத்து அல்ல, நிறையை வைத்து: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். வழக்கமான பாணியில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 8 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லி, 12 கிலோப் பிள்ளைக்கு ஏழரை மில்லி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பிழைக்கும் இடங்கள் மூன்று. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் கடையில் உண்டு, போத்தல் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். கைக்குழந்தைக்கான துளி மருந்து பாணியைவிடச் செறிவு கூடியது, அதைக் கரண்டியால் கொடுத்தால் ஆபத்து. வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்றில் 3 மில்லி கொள்ளும், இன்னொன்றில் 7 மில்லி. பார்மசியில் அளவு மூடியோ ஊசியில்லாத சிறிஞ்சோ கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடிய காலத்தில் இபுபுரோபன் வகை மருந்துகளைத் தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

தூளாக வரும் அன்ரிபயோற்றிக் போத்தலில் இதைவிடக் கூடத் தடுமாற்றம். கொதித்தாறிய தண்ணீரைக் கோடு வரை விட்டு, குலுக்கி, நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும், திரும்பக் கோடு வரை விட வேண்டும். முதல் ஊற்றோடு நிறுத்தினால் மருந்து செறிவாகிவிடும். "மூன்று வேளை" என்றால் சாப்பாட்டு வேளை என்று எடுத்து, காலை 8, மதியம் 1, இரவு 7 என்று கொடுத்துவிட்டு 13 மணித்தியாலம் இடைவெளி விடுவார்கள். எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்பதுதான் அதன் பொருள். கரைத்த மருந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குத்தான், பெட்டியில் எழுதியிருக்கும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக் கொடுப்பது பயனற்றது.

இந்த இரண்டு பந்தியிலும் வந்த வேலைகளைப் பாருங்கள்: எழுத்துச் சிறிதாக உள்ள லேபிளை வாசித்தல், பெருக்கல், அளத்தல், மணி கணக்கிடல். தரம் ஆறு, ஏழுக் கணக்குத்தான். ஆனால் போர்க்காலத்தில் தரம் ஏழு படித்ததென்றால் எத்தனை நாள் படித்தது? 1995 தொடக்கம் 2009 வரை பத்து, பன்னிரண்டு வயதில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி, இடம்பெயர்ந்த பாடசாலையில், மரத்தடியில், தறப்பாளுக்குக் கீழே படித்தவள். அவளின் சான்றிதழில் உள்ள தரத்துக்கும் கையில் உள்ள எழுத்துக்கும் இடையே இடைவெளி இருக்கும். அது அவளின் குறையில்லை. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு, பதினேழில் கலியாணம் கட்டிக்கொடுக்கப்பட்டவர்களும் அதே தலைமுறையில் இருக்கிறார்கள். "எதுவரை படித்தனீங்கள்?" என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதைவிட, மருந்துப் போத்தலைக் கையில் கொடுத்து "எவ்வளவு கொடுப்பீங்கள் என்று காட்டுங்கோ" என்று கேட்பது உண்மையைச் சொல்லும்.

படிப்பின் இன்னொரு வேலை வாசிப்பில் இல்லை, வாயில் இருக்கிறது. கால்ட்வெல் 1979இல் நைஜீரியாவின் இபாதான் நகரத் தரவை வைத்து எழுதியது இதுதான்: படித்த தாய் குடும்பத்துக்குள் முடிவெடுக்கும் இடத்தைப் பிடிக்கிறாள், வைத்தியரிடம் கூச்சமில்லாமல் பேசுகிறாள், பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் மாமியின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் புறப்படுகிறாள். வன்னிக் கிராமத்துக்கு இது அப்படியே பொருந்தும். கிளினிக்கில் "காய்ச்சல்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நிற்கும் தாய்க்கும், "செவ்வாய் இரவு தொடங்கினது, நேற்று மூன்று தரம் சத்தி, இன்று காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, பனடோல் கடைசியாகப் பத்து மணிக்குக் கொடுத்தேன்" என்று சொல்லும் தாய்க்கும் கிடைக்கும் மருத்துவம் ஒன்றாக இருக்க முடியாது. வைத்தியர் பாரபட்சம் காட்டுகிறார் என்பதல்ல. இரண்டாமவள் பாதி நோயறிதலைத் தானே செய்து கொடுத்துவிட்டாள். நிகழ்ந்ததை நேர வரிசையில், எண்ணோடு, சுருக்கமாகச் சொல்வது பாடசாலை பழக்கும் பழக்கம். அதைப் பழக்கப் பாடசாலைதான் வேண்டுமென்றில்லை. எப்போது தொடங்கியது, எத்தனை தரம், என்ன கொடுத்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்ற நான்கு கேள்விகளையும் வாய்ப்பாடமாக்கினாலே போதும்.

இப்போது உங்கள் முன்பள்ளியில் கண்ணுக்குத் தெரியும் மெலிவுக்கு வருவோம். மெலிவு மூன்று வயதில் தொடங்குவதில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான சுமார் ஆயிரம் நாளில்தான் அது தீர்மானமாகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். இதை நம் தாய்மார் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள். சரிவு தொடங்குவது ஏழாம் மாதத்தில், காரணம் கஞ்சி.

எட்டு மாதப் பிள்ளை 8 கிலோ என்றால் அதன் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லி கொள்ளும். கிலோவுக்கு 30 மில்லி என்பது கணக்கு. அந்தக் கிண்ணத்தைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறைந்துவிடும், பிள்ளை அழாது, தாயும் திருப்தியாவாள். சத்து மட்டும் ஏறியிருக்காது. தாய்ப்பாலுக்கு மேலாக 6–8 மாதத்தில் நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி, 9–11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 வேண்டும். சோதனை எளிது: கரண்டியில் எடுத்துச் சரித்தால் ஒழுகக் கூடாது, மெல்லச் சரிந்து விழ வேண்டும். சோறும் பருப்பும் நன்றாகக் குழைத்து ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டால் அளவு கூடாமலே கலோரி ஏறும். முட்டை மஞ்சட்கரு, முள்ளெடுத்த சூடை, தூளாக்கிய நெத்தலி, முருங்கையிலை, பயறு, உழுந்து எல்லாம் வன்னியில் கிடைப்பவை. மீன் சூடு, முட்டை மாந்தம் என்று ஒரு வயது வரை தள்ளிப்போடும் வழக்கம் பிள்ளைக்கு இரும்புச்சத்தையும் புரதத்தையும் மறுக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். 6–8 மாதத்தில் இரண்டு மூன்று வேளை, 9 மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை, இடையில் பழமோ மசித்த கிழங்கோ. தேநீரில் நனைத்த பிஸ்கட்டை மட்டும் உணவாக எண்ண வேண்டாம். தேயிலை இரும்புச்சத்தைக் குடல் எடுப்பதைத் தடுக்கிறது, இனிப்பு அடுத்த வேளைப் பசியைக் கெடுக்கிறது.

கிளினிக்கில் இலவசமாகத் தரும் சத்துமாவான திரிபோஷா விடயத்தில் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு பைக்கற் 750 கிராம். நாளுக்கு 50 கிராம் என்றால் ஒரு பிள்ளைக்கு 15 நாள், அதனால்தான் மாதத்துக்கு இரண்டு. அதை வீட்டில் உள்ள நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு 50 கிராம் உருட்டிச் சாப்பிட்டால் ஒரு பைக்கற் நான்காம் நாளே முடியும். நிறை குறைந்த பிள்ளைக்கு மாதத்தில் கிடைப்பது எட்டு நாள் உணவுகூட இல்லை. அடுத்த கிளினிக்கில் "திரிபோஷா கொடுத்தும் ஏறவில்லை" என்று பதிவாகும். தாய்க்கு இந்தக் கணக்கைத் தெரியப்படுத்தினால் அவள் பிரித்து வைக்கும் விதம் மாறும். ஆனால் மூத்த பிள்ளைகளும் பசியோடு இருக்கும் வீட்டில் எந்தத் தாயும் ஒன்றுக்கு மட்டும் ஊட்ட மாட்டாள். அங்கே தேவை அறிவல்ல, அரிசியும் பருப்பும். இந்த இரண்டையும் குழப்பி, பசியுள்ள வீட்டுக்கு வகுப்பெடுக்கப் போவது பிழை.

கிளினிக் கொப்பியில் உள்ள வளர்ச்சிப் படத்தை வாசிக்கத் தெரிவது, என் கணிப்பில், ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது. பெரும்பாலானோர் நிறம் மட்டும் பார்க்கிறார்கள்: பச்சையில் இருந்தால் நிம்மதி, செம்மஞ்சளுக்கு வந்தால் பயம். நிறத்தைவிட முக்கியம் கோடு போகும் திசை. பிறப்பில் 3 கிலோ இருந்த பிள்ளை ஐந்து மாதமளவில் 6 கிலோவும் ஒரு வயதில் 9 கிலோவும் ஆகும். பச்சைக்குள்ளேயே கோடு இரண்டு மாதம் கிடையாகப் படுத்தால் ஏதோ நடந்திருக்கிறது: காய்ச்சல், வயிற்றோட்டம், தாய் வேலைக்குப் போகத் தொடங்கியது, உணவு மாறியது. செம்மஞ்சளில் இருந்தும் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளை மீள்கிறது. எழுத்தே தெரியாதவருக்கும் விரலைக் கோட்டில் வைத்து இதைக் காட்டலாம். "ஏறுதா, படுத்திருக்கா, இறங்குதா?" என்ற ஒரே கேள்விதான். முன்பள்ளியில் நீங்களே மாதமொருமுறை கொப்பிகளைக் கொண்டுவரச் சொல்லி, தாயின் விரலை வைத்தே பார்க்க வைக்கலாம். மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளக்கும் நாடாவும் கையில் இருந்தால் நல்லது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள், 11.5க்குக் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

மூச்செண்ணுவதும் அப்படித்தான். விறகடுப்புப் புகை நிறைந்த குசினியில் வளரும் பிள்ளைக்குச் சளி அடிக்கடி வரும். எந்தச் சளி நியூமோனியா ஆகிறது என்பதற்கு ஒரு நிமிடமும் போனில் உள்ள கடிகாரமும் போதும். பிள்ளை அழாமல், அல்லது தூங்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே சதை உள்ளிழுத்தாலோ இரவென்றாலும் புறப்பட வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிழைக்கும், சிறுபிள்ளையின் மூச்சு ஒழுங்காக ஓடாது.

கர்ப்பகாலத்தில் ஒரு சின்னப் பிழையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கிளினிக்கில் இரும்புச்சத்து, விற்றமின் சி, கல்சியம் என்று குளிசைகள் தருவார்கள். எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்குவது நடக்கிறது. கல்சியம் இரும்பைத் தடுக்கும், விற்றமின் சி இரும்புக்குத் துணை போகும். ஆகவே இரும்பும் விற்றமின் சியும் ஒன்றாக, கல்சியம் வேறு வேளையில். தேநீர் குடித்து ஒரு மணித்தியாலமாவது கழிந்தபின்தான் இரும்பு. குருதிச் சோகையோடு பிள்ளை பெறுபவளுக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூட.

தண்ணீர் பற்றியும் ஒன்று. "கொதிக்க வைத்த தண்ணீர் நல்லது" என்பது பாதி அறிவு. கொதித்தால் கிருமி சாகும். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் உள்ள புளோரைட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இலங்கைத் தரம் லீற்றருக்கு 1 மில்லிகிராம் புளோரைட். பிள்ளைகளின் நிலையான பற்களில் வெள்ளை, மஞ்சள் திட்டுகள் பலருக்கு ஒரே ஊரில் தெரிந்தால், கிணற்று நீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

தடுப்பூசியில் வன்னிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தரம் ஐந்து படித்த தாயும் பட்டம் படித்த தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப்படி ஏறிப் பதியும் ஊரில் தாயின் படிப்பால் வரும் வித்தியாசம் சுருங்கிவிடும். நல்ல சேவை படிப்பின் குறையை ஈடுசெய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கொப்பி தொலைந்தவர்கள் மட்டும் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு இருக்கும், இல்லாவிட்டாலும் விடுபட்டதை ஒழுங்குபடுத்தித் திரும்பப் போடுவார்கள்.

இனி, முப்பது தாண்டிய தாய்க்கு என்ன செய்வது. முன்பள்ளியில் கூட்டம் போட்டு, போசாக்கு என்று தலைப்பிட்டு, ஒரு மணித்தியாலம் பேசினால் எதுவும் ஒட்டாது. ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலை, அதையும் அவளின் கையால். முதல் மாதம் ஜீவனி கரைத்தல். உண்மையான பைக்கற், அவள் வீட்டுப் போத்தல். நீங்கள் ஒருமுறை செய்து காட்டி, பிறகு ஒவ்வொருவரும் செய்து, "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்கள்?" என்று கேளுங்கள். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டல் எதையும் அளக்காது. சொல்லிக் காட்டும்போது எங்கே தடுமாறுகிறாளோ அதுதான் நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்காத இடம். இரண்டாம் மாதம் கஞ்சியின் தடிப்பு, கரண்டியில் சரித்துப் பார்த்து. மூன்றாம் மாதம் விரல் வைத்து நிறைக் கோடு. நான்காம் மாதம் சிறிஞ்சில் மருந்து இழுப்பது. ஐந்தாம் மாதம் மூச்செண்ணல். ஒவ்வொரு முறையும் முந்தைய மாத வேலையை முதல் பத்து நிமிடம் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். எழுத்துத் தடுமாறுபவளுக்கு வீட்டில் தரம் ஆறு படிக்கும் மகளோ மகனோ இருப்பார்கள். லேபிளை வாசித்துச் சொல்வதை அந்தப் பிள்ளையின் வேலையாக்குங்கள். வெட்கமும் போகும், அடுத்த தலைமுறையும் பழகும்.

அம்மம்மா, அப்பம்மாரைக் கூப்பிடாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ வயலுக்கோ விடியப் போய்விடுகிறாள், மத்தியானச் சோற்றை ஊட்டுவது அவர்கள். தாய் மட்டும் கற்றுக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னால் "எங்களுக்குத் தெரியாததா?" என்று சண்டைதான் வரும். அவர்களையே முன்னிருக்கையில் இருத்தி, கஞ்சியை அவர்களின் கையால் காய்ச்ச வைத்தால் அவர்களே ஊருக்குச் சொல்வார்கள். பத்தியக் கறியில் மீனும் உள்ளியும் சேர்ப்பது போன்ற நல்ல பழக்கங்களை அவர்களிடமிருந்தே எடுத்துப் பாராட்டிவிட்டு, கைவிட வேண்டியதைப் பிறகு பேசுங்கள். தகப்பன்மாருக்கு, கூட்டத்துக்கு வராவிட்டாலும், குரல் பதிவாக இரண்டு நிமிடம் அனுப்பலாம்: ஆபத்து அறிகுறிகள் நான்கு, அம்புலன்ஸ் எண், கிளினிக் நாள்.

இன்று முன்பள்ளியில் இருக்கும் பெண்பிள்ளைகள் இன்னும் இருபது ஆண்டில் தாயாவார்கள். கட்டாயக் கல்வி வயது 16 வரை என்று சட்டம் இருந்தாலும், தரம் 9க்கும் ஓ.எல் பரீட்சைக்கும் இடையில் பெண்பிள்ளை நிற்பதற்கு வன்னியில் காரணங்கள் சின்னவை போலத் தெரியும்: பஸ் இல்லாத ஏழு எட்டுக் கிலோமீற்றர், தண்ணீர் வராத பாடசாலைக் கழிப்பறை, வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாகத் தம்பியைப் பார்க்க வேண்டியது, நுண்கடன் தவணை. அவற்றில் மூன்றாவது உங்கள் கையிலேயே இருக்கிறது. முன்பள்ளி மதியம் பன்னிரண்டுக்குப் பூட்டாமல், தாய் வரும்வரை திறந்திருக்க ஒரு வழி கண்டால், அந்தத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்கும் அக்கா நாளைக்குப் பாடசாலைக்குப் போவாள். மாதர் சங்கத்தோடும் பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரோடும் அதைத்தான் முதலில் பேசிப் பாருங்கள். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, எந்த வீடுகளில் எத்தனை அக்காமார் அப்படி நிற்கிறார்கள் என்ற பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள்.